கயாக்குக்கு ஒரு கோல்
போன மாசம் பேராக் மாநிலத்துச் செண்டரோ ஏரியில் தூண்டிலில் சிக்கிய ஒரு தோமானை, பெரிய விரால் வகை மீனை, கோட்டை விட்டேன். தூண்டில் கோலின் நீளமான அடிப்பிடி, கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் உட்கார்ந்து இழுக்கும்போது லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டது. அதற்குள் மீன் படகு மூக்குக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஓட, நூல் அறுந்தது. கரைக்குச் செய்த கோல் அது. மீனைக் குறை சொல்லி என்ன?

சுங்கை சிப்புட் வந்ததும் எஸ்டேட் வீட்டுப் பின்வாசலில் புதுக் கோல் கட்ட உட்கார்ந்தேன். நூல் சுற்றும் ரீலுக்குப் பின்னால் 8 அங்குலப் பிடி போதும், முழங்கைக்குள் அடங்கும். மொத்த நீளம் மட்டும் 7 அடி. அப்போதுதான் மீன் அடியில் புகுந்தாலும், நுனியைப் படகு மூக்குக்கு அப்பால் நீட்டி நூலை மறுபக்கம் கொண்டுபோகலாம்.

தூண்டில் நூல் ஓடும் வளையங்களைக் கோலோடு கட்டுநூலால் சுற்றி, மேலே எப்பாக்சிப் பசை பூசினேன். அது கெட்டியாகும்வரை கோலை உருட்டிக்கொண்டே இருக்கணும், இல்லாவிட்டால் பசை ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். குச்சியில் குத்திய இறைச்சியைத் தணலில் திருப்பித் திருப்பிச் சுடுவதுபோல் இருந்திருக்கும். அம்மா எட்டிப் பார்த்தார்: "என்னடா, சாத்தே சுடுறியா?"