எழும் கரையில் காடு வரும் வரிசை

பனியுகத்தின் பனிப்பாளம் அழுத்திவைத்து, அது உருகியபின் மீண்டெழும் நிலம், ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள பொத்னியா வளைகுடாவின் குவார்கன் பகுதியில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 8 மி.மீ. எழுகிறது. 100-க்கு 1 சரிவுள்ள கரையில் கடல் ஆண்டுக்கு 80 செ.மீ. பின்வாங்கும்.

அப்படி வெளிப்படும் நிலத்தில் செடிகள் வரிசையாக வரும்: நீரோரம் நாணல், மேலே உப்புப் புல்வெளி, அடுத்து சீ பக்தார்ன் என்ற முட்புதர், பிறகு சாம்பல் ஆல்டர் என்ற இலையுதிர் மரம், கடைசியில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது நடுக்கட்டம்தான். புதர், ஆல்டர் இரண்டின் வேர்முடிச்சுகளிலும் ஃபிராங்கியா பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தில்லாத சரளையிலும் பிழைக்கின்றன. ஆல்டர் ஓங்கியதும் சீ பக்தார்ன் நிழல் தாங்காமல் பட்டுப்போகும். ஆல்டர் அடியில் நிற்கும் காய்ந்த முள்குச்சிகளே பழைய கரைக்குச் சாட்சி.

இந்த வரிசையை அளப்பவர்கள் கரையிலிருந்து தூரத்தோடு கடல்மட்டத்திலிருந்து உயரத்தையும் குறியுங்கள். சரிவு மாறினால் தூரம் ஏமாற்றும். மேய்ச்சல் நின்றுபோன இடத்தில் நாணல் புல்வெளியை விழுங்கி, வரிசையையே குழப்பிவிடும்.