பார்ட்டிக்கு மினி பப்ஸ்

இன்னைக்கு சாயந்திரம் தம்பி பொண்ணு பர்த்டே, 40 மினி பப்ஸ் என் பொறுப்பு. பப்ஸ் மாவு ஷீட் (வெண்ணெய் வச்சு அடுக்கடுக்கா தேய்ச்ச மாவு) கடையில வாங்குனதுதான், ஆனா மசாலா நம்ம கைப்பக்குவம். உருளைக்கிழங்கு, பட்டாணி, சோம்பு போட்டு ஈரமே இல்லாம சுருள வதக்கி, நல்லா ஆறுனப்புறம்தான் உள்ள வைக்கணும், சூடா வச்சா மாவுல இருக்க வெண்ணெய் உருகிடும், அப்புறம் எங்க அடுக்கு அடுக்கா பிரியுறது! மடிச்சதும் 15 நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல. முட்டைய மேல மட்டும் தடவுங்க, வெட்டுன ஓரத்துல வழிஞ்சா அடுக்கெல்லாம் ஒட்டிக்கிட்டு உப்பவே உப்பாது. அப்புறம் ஓவன்ல 200 டிகிரி செல்சியஸ்ல 20 நிமிஷம். இப்பதான் முதல் ட்ரே வெளிய வந்துச்சு, தொட்டாலே உதிருது, வீடு முழுக்க வெண்ணெய் வாசம், அம்மா ரெண்டு எடுத்துட்டாங்க 😍