கையை எடுக்காமல் ஒரு கேட்

ஒரு குதிரைப் போட்டிக்காக நாலு மாதமாக ஒரு கேட்டைத் திறந்து மூடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். குதிரை மேல் உட்கார்ந்தபடி, ஒற்றைக் கையால்.

சனிக்கிழமை காலையில் லிஸ்பனில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சந்தரேம் என்கிற ஊர். அங்கிருந்து தேஜு ஆற்றுப் பக்கம் போனால் ஒரு சின்னப் பண்ணை. அங்கேதான் ஃபிகோ இருக்கிறான். லூசித்தானோ என்கிற போர்ச்சுகல் இனத்துக் குதிரை, 15 வயது, வெளுத்துக்கொண்டு வரும் சாம்பல் நிறம். ஃபிகோ என்றால் அத்திப்பழம். லூசித்தானோ குதிரைகளுக்கு ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று முறை உண்டு. அந்த ஆண்டு பிறந்த குட்டிக்கெல்லாம் அதே எழுத்தில்தான் பெயர். இவனுக்கு எஃப் வாய்த்தது.

போட்டியின் பெயர் வொர்க்கிங் எக்விடேஷன். போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி நாடுகளில் மாடு மேய்ப்பவர்கள் குதிரை மேல் இருந்தபடி அன்றாடம் செய்த வேலைகளை எடுத்துப் போட்டியாக்கியிருக்கிறார்கள். முதல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் 1996-இல் இத்தாலியில் நடந்தது. முதலில் டிரஸ்ஸாஜ், அதாவது வகுத்த அசைவுகளைக் குதிரையை வைத்து வரிசையாகச் செய்துகாட்டுவது, பிறகு தடைகளை நேர்த்தியாகக் கடப்பது, அப்புறம் அதே மாதிரித் தடைகளைக் கடிகாரத்தை வைத்து ஓடுவது. அணிப் போட்டியில் மாட்டைப் பிரித்து ஓட்டும் சுற்றும் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்குப் பிடித்தது வேகச் சுற்றுதான். நீளக் கம்பை உருவிக்கொண்டு பாய்ந்து, மரக்காளை உருவத்தில் இருக்கும் வளையத்தைக் குத்தி எடுக்கும்போது கூட்டம் கத்தும். எனக்கு அந்தக் கம்பைப் பார்த்தாலே தோள் வலிக்கிறது, அதைப் பற்றி இன்னொரு நாள்.

கேட்டுக்கு வருகிறேன். குதிரையை அதற்குப் பக்கவாட்டில் இணையாக நிறுத்த வேண்டும். கை நீட்டித் தாழ்ப்பாளை எடுத்து, திறந்து, உள்ளே போய், சுற்றித் திரும்பி, பக்கவாட்டில் நகர்ந்து சாத்தி, ஓரடி இரண்டடி பின்வாங்கித் தாழ்ப்பாளைப் போட வேண்டும். இதெல்லாம் முடியும்வரை கை கேட்டை விட்டு வரக்கூடாது. வந்தால் மதிப்பெண் போகும்.

என்னுடைய பயிற்சியாளரை எல்லோரும் மெஸ்த்ரே என்றுதான் கூப்பிடுகிறோம், நம் ஊரில் வாத்தியார் என்கிற மாதிரி. அவருடைய அப்பா கம்பினு: பச்சைத் தொப்பி, சிவப்பு வெயிஸ்ட்கோட், கையில் நீளக் கோல் என்று இந்த ரிபதேஷு சமவெளியில் காளைகளை மேய்த்தவர். "கை எதற்கு எடுக்கக்கூடாது?" என்று முதல் நாள் கேட்டேன். "விட்டால் கேட் ஆடும். ஆடினால் காளை வெளியே" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

எனக்கு அது போதும். காங்கேயத்தில் அப்பிச்சியின், அதாவது அம்மாவுடைய அப்பாவின், கொறங்காட்டுக்கு (மாடு மேயும் காடு) கிளுவை வேலி, நுழைகிற இடத்தில் கதவு மாதிரி ஒரு படல். லீவுக்குப் போனால் எங்கே விளையாடிவிட்டு வந்தாலும் முதல் கேள்வி, "படலச் சாத்தீட்டு வந்தியா கண்ணு?" சாத்தாமல் வந்த ஒரே ஒரு நாளை அவர் சாகும்வரை சொல்லிக் காட்டினார்.

முதல் மாதம் முழுக்க என் வலது முழங்காலில் நீலம் பாரித்துக் கிடந்தது. தாழ்ப்பாளைத் தொடக் குனிந்த அடுத்த நொடி ஃபிகோ கேட்டின் மேல் போய்ச் சாய்வான். அவனுக்குப் பொறுமை இல்லை என்று நினைத்தேன். மெஸ்த்ரே என் போனை வாங்கி வீடியோ எடுத்துக் காட்டினார். வலப்பக்கம் குனியும்போது என் இடது குதிகால் தானாக மேலே ஏறி அவன் விலாவில் அழுந்துகிறது. இடது காலால் அழுத்தினால் வலப்பக்கம் நகர வேண்டும் என்று நாங்களே பழக்கிய குதிரை. அவன் சொன்னபடி கேட்டிருக்கிறான், பாவம். நான் நாலு வாரமாக அவனைத் திட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கேட்டைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் போய் நிற்பது, மூச்சு விடுவது, தாழ்ப்பாளைத் தொடுவது, கையை எடுப்பது, கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு நடந்து போவது. அவ்வளவுதான். "டெவகார், டெவகார்" என்று மெஸ்த்ரே வேலியில் சாய்ந்துகொண்டு சொல்வார், மெதுவா, மெதுவா. சில நாள் 40 நிமிடம் இதிலேயே போகும். மற்றவர்கள் மூன்று டிரம்களைச் சுற்றி கேன்டரில், அதாவது தாவு நடையில், பறந்துகொண்டிருப்பார்கள், நான் பேருந்துக்கு நிற்கிற மாதிரி கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். ஆனால் ஒரு நாள், நான் குனிந்தும் ஃபிகோ அசையவில்லை. ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

நிற்கத் தெரிந்ததும் மற்றது சீக்கிரம் வந்தது. வரிசையாக நட்ட கம்புகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகும்போது, முன்னால் வைக்கும் காலை மாற்றுவதில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். குறுகிய சந்துக்குள் போய் மணியடித்துவிட்டுப் பின்னோக்கி நடந்து நேராக வெளியே வருவதுதான் இன்னும் கோணல். கழுத்தை வைத்து அவனை நேராக்கப் பார்க்கிறேன். இடுப்பு வேறு பக்கம் போய்விடுகிறது.

போன மாதம் பக்கத்துப் பண்ணையில் சின்னதாக ஒரு போட்டி. ஆரம்ப நிலை, இரண்டு கையாலும் கடிவாளம் பிடிக்கலாம். முதல் தடையே கேட். நின்றான், திறந்தேன், சுற்றினோம், சாத்தினேன், தாழ்ப்பாள் போட்டேன். கை எடுக்கவில்லை. முழங்காலும் இடிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று போய், ஆறாம் எண் பாலத்தை விட்டுவிட்டு நேராக ஏழுக்குப் போய்விட்டேன். வரிசை தப்பினால் வெளியே. மணி அடித்தார்கள்.

வெளியே வரும்போது மெஸ்த்ரே வாசலிலேயே நின்றிருந்தார். "பாலம் இருந்தது, பார்த்தாயா?" என்றார். ஃபிகோவுக்கு ஒரு கேரட் கொடுத்தார். எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை களத்தை வெறுங்காலால் நாலு தடவை நடந்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார். நல்ல மழையாம்.