லெனேசியாவில் கேனிஸ்டர் பில்டரும் கரண்ட் கட்டும்

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் எங்கள் வீடு. எங்கள் தொட்டியில் இருப்பவை மலாவி ஏரி சிக்லிட் மீன்கள். நன்றாகத் தின்னும், அதற்கேற்பக் கழிவும் தள்ளும். பில்டரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்தால் போதும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. டர்பனில் இருக்கும் அத்தானும், "அதுக்கு மேல கையே வைக்காதீங்க தம்பி, பாக்டீரியா கெட்டுடும்" என்பார். அவர் வீட்டுத் தொட்டிக்கு அது சரி. ஜோகன்னஸ்பர்க் பக்கம் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

கேனிஸ்டர் பில்டர் என்பது தொட்டிக்கு வெளியே வைக்கும், தொட்டித் தண்ணீர் உள்ளே ஓடிச் சுத்தமாகித் திரும்பும் இறுக மூடிய டப்பா. உள்ளே பீங்கான் வளையங்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்ற ஆக்சிஜன் வேண்டும். கரண்ட் போனால் ஓட்டம் நின்றுவிடும். டப்பாவில் அந்த நேரம் இருக்கும் ஆக்சிஜன்தான் மிச்சம். டர்பன் போலக் கடல் மட்டத்தில், 25 டிகிரி நீரில், லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும். 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் நம் ஊரில் 7க்கும் கீழேதான். அந்தக் கொஞ்சத்தையும் ஸ்பாஞ்சில் தேங்கிய சேறு அழுகும்போது இழுத்துக்கொள்கிறது. 2023இல் ஆறாம் நிலை லோட்ஷெடிங் (மின்சாரப் பற்றாக்குறையால் முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) என்று ஒரே நாளில் பல தடவை, தடவைக்கு 2 முதல் 4 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதுதான் இது எனக்கு உறைத்தது. லோட்ஷெடிங் குறைந்த பிறகும் எங்கள் தெருவில் கேபிள் பழுது, திருட்டு என்று கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அதனால் இப்போது வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஸ்பாஞ்சை மாதம் ஒரு முறையாவது பிழிகிறேன். வளையங்களை அதிகம் தொடுவதில்லை. தண்ணீர் வரத்து குறைந்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மெதுவாக அலசி வைக்கிறேன். ஸ்பாஞ்சை முதல் வாளியில் அமுக்கினாலே தண்ணீர் கறுத்த காப்பி நிறத்துக்கு வந்துவிடும். மூன்றாவது வாளியில் வெளிறினால் போதும், பளிச்சென்று ஆக வேண்டியதில்லை.

குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், அதில் உள்ள மருந்து பாக்டீரியாவைக் கொல்லும். இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் தரும் ராண்ட் வாட்டர் நிறுவனம், சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் போட்டு, வழியில் உள்ள பம்பு நிலையங்களில் குளோரமைனும் சேர்த்து அனுப்புகிறது. குளோரின் என்றால் வாளியை ஒரு இரவு திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும்; குளோரமைன் அப்படிப் போகாது. தொட்டியில் புதிதாக ஊற்றும் தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். சோடியம் தயோசல்பேட் வகை மருந்து குளோரமைனை உடைக்கும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும். சிக்லிட் தொட்டியின் பிஹெச் 8 பக்கம் இருப்பதால் இதில் அலட்சியம் கூடாது: பிஹெச் 7இலிருந்து 8க்கு ஏறினால், அம்மோனியாவில் விஷமாகும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. பில்டர் தெம்பாக இருந்தால்தான் அதைச் சமாளிக்கும்.

திறக்கும் வரிசை: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் குழாய் வால்வுகளை மூடி, பில்டரை ஒரு டப்புக்குள் வைத்து மூடியைக் கழற்றுங்கள். மூடியின் பள்ளத்தில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் அது வழியாகச் சொட்டும். துடைத்துவிட்டு சிலிகான் கிரீஸை மிக மெலிதாகத் தடவுகிறேன். வாஸ்லின் வேண்டாம், சில வகை ரப்பரை அது ஊத வைக்கும். தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரை இழுத்தெடுத்தால் காந்தத்தைச் சுற்றி வழவழவென்று ஒரு படலம் இருக்கும், அதைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். பீங்கான் தண்டு சட்டென்று முறியும், நெம்பக் கூடாது. இரைச்சல் கூடினால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல் இருந்து திரும்பி வந்தால், உடனே பில்டரை ஓட விடாதீர்கள். நான் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிவிட்டது. அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது. அதைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைப் பிழிந்து, தொட்டித் தண்ணீரால் நிரப்பித்தான் ஓட விடுவேன். வாடை இல்லாவிட்டாலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவேன். கரண்ட் எப்போது வரும் என்றே தெரியாத நாளில், வளையங்களை வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, பக்கத்தில் பேட்டரி ஏர் பம்பை ஓட்டுகிறேன். மீனுக்கும் அது வேண்டும்.

இந்த முறைக்கு மாறியதிலிருந்து, கரண்ட் கட்டுக்கு மறுநாள் சோதித்தாலும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் காட்டுவதில்லை. அடுத்து, உறிஞ்சும் குழாய் முகப்பில் ஒரு முன்-ஸ்பாஞ்சு மாட்டிப் பார்க்கப் போகிறேன். கழிவு டப்பாவுக்குள் போவதற்கு முன்பே பாதியாவது அங்கே தங்கினால், டப்பாவைத் திறக்காமலேயே வாரம் ஒரு முறை அதை மட்டும் கழுவிவிடலாம்.