கிணற்றடியில் படித்த அவுஸ்திரேலியா

உயர்தரத்தில் புவியியல் எடுத்தபோது எனக்கு ஒட்டவே ஒட்டாத நாடு அவுஸ்திரேலியா. பரப்பு சுமார் 76.9 இலட்சம் சதுர கிலோமீற்றர், கொஸ்கியஸ்கோ சிகரம் 2,228 மீற்றர், மரே ஆறு 2,508 கிலோமீற்றர் என்று கொப்பி முழுக்க எண்கள். எல்லாவற்றையும் பாடமாக்கினேன். தவணைப் பரீட்சையில் ஒரு காலநிலை வரைபைத் தந்து, எந்த நகரம் என்று கேட்டார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை கொட்டும் மழை. யூன், யூலையில் ஒன்றுமே இல்லை. பேர்த் என்று எழுதிவிட்டு வந்தேன். விடை டார்வின்.

ரீச்சர் ஏசவில்லை. "எங்கட மாரிக்காத்து அங்கால எங்க போகுதெண்டு யோசிச்சனியோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து அட்லஸை விரித்துப் பார்த்தேன். கார்த்திகை, மார்கழியில் நமக்கு மழை தரும் அதே ஆசியக் காற்றோட்டம், மத்தியகோட்டைத் தாண்டியதும் புவிச்சுழற்சியால் இடப்பக்கம் திரும்பி, வடமேல் காற்றாக டார்வின் பக்கம் போகிறது. அங்கே அப்போது கோடை. பேர்த்துக்கு மழை வருவது மேலைக்காற்றுகளோடு, யூன், யூலைக் குளிரில். இதன் பிறகு அந்த வரைபுகளில் நான் பிழைவிட்டதில்லை.

அதிகம் கைகொடுத்தது எங்கள் வீட்டுக் கிணறுதான். அவுஸ்திரேலியாவின் தென்கரையில் நலர்போர் சமவெளி இருக்கிறது. (பெயர் மறக்காமலிருக்க நல்லூரை நினைத்துக்கொள்வேன். 'மரமில்லை' என்ற பொருள்தரும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர்; பழங்குடிகளின் சொல் என்று எழுதிவிடாதீர்கள்.) ஏறத்தாழ 2 இலட்சம் சதுர கிலோமீற்றர் சுண்ணாம்புக்கல், நம் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே மயோசீன் காலக் கடலடியில் படிந்தது. மேலே ஆறு கிடையாது. இங்கும் அப்படித்தான். வழுக்கையாற்றுக்காரர் கோபிக்கவேண்டாம், அது மாரிக்கு மட்டும் ஓடுவது.

காரணம் இரண்டு இடத்திலும் ஒன்று. காபனீரொட்சைட்டைக் கரைத்துவரும் மழைநீர் மென்னமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லை அரிக்கிறது. வெடிப்புகள் அகல, நீர் கீழே இறங்கிவிடுகிறது. நம் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அப்படிக் கரைந்த கல்தான். வித்தியாசம் மழையில். நமக்கு ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றரளவில் பெய்வதால் நிலத்தடியில் உவர்நீரின் மேல் நன்னீர் மிதக்கிறது; எங்கள் கிணற்றில் அள்ளுவது அதைத்தான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். நலர்போரின் பெரும்பகுதியில் 250 மில்லிமீற்றரும் பெய்யாது, குகைகளுக்குள் இருக்கும் நீரும் உவர்தான். ஒப்பிட்டு விளக்கச் சொல்லும் கேள்வி வந்தால் இதை எழுதலாம். கேட்காத இடத்தில் யாழ்ப்பாணத்தை இழுத்தால் நேரம்தான் வீண்.

மழைநிழலுக்கும் (மலை காற்றை மறிப்பதால் மறுபக்கத்தில் மழை குறைவது) இதே வழி. தென்மேல் காற்றை நம் மத்திய மலைநாடு மறிப்பதுபோல, தென்கீழ் வியாபாரக் காற்றைக் கிழக்கே பெரும் பிரிப்பு மலைத்தொடர் மறிக்கிறது. ஆட்டீசியன் வடிநிலத்தை (பாறைப்படைகளுக்கிடையே அமுக்கத்தில் நீர் அடைபட்டிருக்கும் நிலம்) மட்டும் இங்குள்ள எதோடும் ஒப்பிட முடியவில்லை. குறுக்குவெட்டுப் படத்தைப் பத்துத் தடவை கீறித்தான் விளங்கியது.

நாட்டின் உருவரையை இரண்டு நிமிடத்தில் கீறப் பழகுங்கள். கார்ப்பென்டாரியா வளைகுடா, கேப் யோர்க் முனை, தெற்கே பெருவளைவு, இவ்வளவும் சரியாக வந்தால் போதும். அப்புறம் டஸ்மேனியா. நான் அதை இரண்டு பரீட்சையில் மறந்தேன்.