சர்வே வருமானம்: நோட்டுப் போட்டுப் பார்த்த கணக்கு

ஆன்லைன் சர்வேயில் உண்மையிலேயே பணம் வருமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வரும். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால்தான் உருப்படியான பதில் சொல்ல முடியும்.

கணக்கு எழுதுவது என் தொழில். அதனால் இந்த வேலைக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். தளத்தின் பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கைக்கு வந்த தொகை, இவ்வளவுதான் அதில் இருக்கும். பாதியில் வெளியே தள்ளிய சர்வேக்குச் செலவான நேரத்தையும் விடாமல் எழுதுவேன். அதை எழுதாதவர்கள்தான் 'நல்ல வருமானம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பத்து நிமிடச் சர்வே, ஒரு டாலர் என்று திரையில் பார்த்ததும் மணிக்கு ஆறு டாலர் என்று மனம் பெருக்கிவிடும். நடப்பது வேறு. முதல் சர்வே ஐந்து நிமிடம் கேள்வி கேட்டுவிட்டு 'நீங்கள் தகுதி பெறவில்லை' என்கிறது. இரண்டாவது, 'தேவையான ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்' என்று கதவைச் சாத்துகிறது. மூன்றாவது உள்ளே விடுகிறது, ஆனால் பத்து நிமிடம் இருபது நிமிடமாக நீள்கிறது. எல்லாம் சேர்த்தால் அந்த ஒரு டாலருக்கு அரை மணி நேரம் போயிருக்கும். மணிக்கு இரண்டு டாலர். என் நோட்டில் சாதாரண சர்வே தளங்களின் பக்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

ஏன் வெளியே தள்ளுகிறார்கள் என்று புரிந்துகொண்டால் கோபம் குறையும், நேரமும் மிச்சமாகும். சர்வேக்குப் பணம் கொடுப்பது அந்தத் தளம் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒரு நிறுவனம். குழந்தை உணவு விற்கிறவருக்குக் கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோர்களின் பதில் மட்டும் போதும். அதிலும் இந்த வயதில் இத்தனை பேர், இந்த வருமானத்தில் இத்தனை பேர் என்று கோட்டா வைத்திருப்பார்கள். அந்தக் கட்டம் நிரம்பிவிட்டால், எவ்வளவு அக்கறையாகப் பதில் சொன்னாலும் இடம் கிடையாது. விளம்பரம், சந்தை ஆய்வு, பத்திரிகை ஆகிய துறைகளில் வேலை பார்க்கிறீர்களா என்று ஆரம்பத்திலேயே கேட்பதும் வடிகட்டத்தான். போட்டிக்காரர்களும் உள்விவரம் தெரிந்தவர்களும் நுழைந்துவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை.

இங்கேதான் பலருக்கு ஒரு ஆசை வருகிறது. இல்லாத காரை இருக்கிறது என்பது, இல்லாத குழந்தைக்கு வயது போடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதல் காரணம் நேர்மை. இரண்டாவது, அது மாட்டிக்கொள்ளும். ப்ரொஃபைலில் சொன்னதும் சர்வேயில் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். படிக்காமலே முடித்த வேகம், எல்லாக் கேள்விக்கும் ஒரே வரிசையில் டிக் அடித்திருப்பது, 'இந்தக் கேள்விக்கு மூன்றாவது பதிலைத் தேர்ந்தெடுக்கவும்' என்று நடுவில் ஒளிந்திருக்கும் பொறி எல்லாமே பதிவாகும். பல தளங்கள் பணத்துக்குப் பதிலாகக் கணக்கில் ஏற்றும் பாயின்ட் ஏறிய பிறகும், தரம் சரியில்லை என்று திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

பொய்ப் பதில்கள் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதற்கு அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை நல்ல உதாரணம். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஆன்லைன் சர்வே ஒன்றில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உரிமம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். 30 வயதுக்குக் குறைந்தவர்களில் 12 சதவீதம் பேர் 'ஆம்' என்று சொல்லியிருக்கிறார்கள். நிஜத்தில் அது கிட்டத்தட்ட பூஜ்யம். இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. யாரோ ஒருவர் மருந்தைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ முடிவெடுக்க இந்தப் பதில்களை நம்புகிறார் அல்லவா?

என் நோட்டில் மற்றவற்றைவிட நல்ல எண்கள் இருப்பது ப்ரோலிஃபிக் பக்கத்தில்தான். 2014-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய தளம், பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. மணிக்குக் குறைந்தது 8 டாலர் அல்லது 6 பவுண்டு என்ற கணக்கில் கொடுக்க வேண்டும் என்று ஆய்வாளர்களுக்கே விதி வைத்திருக்கிறார்கள். நம் விவரங்களை முன்பே வாங்கிவைத்துக்கொண்டு, பொருந்துகிற ஆய்வுகளை மட்டும் காட்டுவதால் வீண் அலைச்சல் குறைவு. ஆனால் எல்லா நாட்டவரையும் சேர்ப்பதில்லை, ஆய்வுகளும் எந்நேரமும் இருக்காது. ஞாபகத்தைச் சோதிக்கிற ஆய்வுகளையும் முடிவெடுக்கும் விதத்தைப் பார்க்கிற ஆய்வுகளையும் நான் ஆர்வமாகவே செய்கிறேன்.

கூகுளின் சர்வே ஆப்பான கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் வேறு மாதிரி. நாலைந்து கேள்விதான், தொகையும் சிறியது. ஆண்ட்ராய்டில் அது ப்ளே ஸ்டோர் கிரெடிட்டாகத்தான் வரும், ஒரு வருடத்தில் காலாவதியாகும். ஆப் வாங்குகிற பழக்கம் இருந்தால் உபயோகம். எந்தக் கடைக்குப் போனீர்கள் என்றும் கேட்கும்; போகாத கடைக்குப் போனதாகச் சொன்னால் சர்வே வருவதே குறைந்துவிடும்.

அப்புறம், சர்வே தளங்களிலேயே வரும் ஆஃபர்கள். இந்த விளையாட்டில் இந்த லெவலைத் தொடு, இந்தச் சேவையில் இலவசமாகச் சேர், இவ்வளவு பாயின்ட் என்று வரும். சர்வேயைவிடத் தொகை பெரிதாகத் தெரியும், அதனால் நிதானமும் அதிகம் வேண்டும். நம் க்ளிக்கைப் பின்தொடர்ந்து பதிவு செய்தால்தான் பாயின்ட் ஏறும். விளம்பரத் தடுப்பானோ, நாம் இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன்னோ ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பதிவு அறுந்துவிடும். அந்த ஆப்பை முன்பே ஒருமுறை நிறுவியிருந்தாலும் கணக்கில் வராது. ஆஃபரின் விதிகள் இருக்கும் பக்கத்தையும், லெவலைத் தொட்ட திரையையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன். ஒரு தளம் முடித்த ஆஃபருக்குப் பாயின்ட் தராமல் இழுத்தபோது அந்தப் படங்களை அனுப்பித்தான் வாங்கினேன். இலவச ட்ரயல் என்றாலும் கார்டு எண் கேட்டால், ரத்து செய்ய வேண்டிய தேதியை அப்போதே காலண்டரில் போட்டுவிட வேண்டும். பெரும்பாலும் அந்த வகையை நான் தொடுவதே இல்லை. மறந்துபோனால் ஒரு மாதக் கட்டணமே கிடைத்த பாயின்டை விழுங்கிவிடும்.

இதையெல்லாம் தாண்டி எனக்குப் பயம் தருவது ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ தெரியாதவர் வந்து, வீடியோவுக்கு லைக் போடுங்கள், பொருளுக்கு ரேட்டிங் கொடுங்கள், காசு தருகிறோம் என்பார். முதலில் கொஞ்சம் நிஜமாகவே தருவார்கள். பிறகு, அடுத்த டாஸ்க் செட்டை, அதாவது அடுத்த தொகுதி வேலைகளைத் திறக்க டெபாசிட் கட்டுங்கள் என்பார்கள். திரையில் நம் இருப்பு ஏறிக்கொண்டே போகும், ஆனால் எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் இன்னும் கட்டச் சொல்வார்கள். அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்டிசி என்ற அரசு அமைப்புக்கு இத்தகைய டாஸ்க் மோசடி பற்றி 2020-ல் புகாரே இல்லை. 2023-ல் சுமார் 5,000 வந்தன, 2024-ன் முதல் பாதியில் மட்டும் சுமார் 20,000. சர்வே எழுதுகிறவர்கள் இதில் எளிதாகச் சிக்கிவிடலாம், ஏனென்றால் சின்னத் தொகைக்கு டிக் அடித்துப் பழகியவருக்கு இது புதிதாகத் தெரியாது. வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்டால் அந்த நிமிடமே பேச்சை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், அதை மீட்கலாம் என்று இன்னொரு தவணை கட்டாதீர்கள். வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள், வங்கிக்கும் காவல்துறைக்கும் உடனே தெரிவியுங்கள்.

சரி, தொடங்க நினைக்கிறவர்களுக்கு நடைமுறை விஷயம் கொஞ்சம். இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள், பழையதில் வைத்தால் முக்கியமான கடிதங்கள் மூழ்கிப்போகும். வங்கி பாஸ்வேர்டு, ஓடிபி, அடையாள அட்டை எண் இவற்றை எந்தச் சர்வேயின் கேள்விக்கும் பதிலாகத் தர வேண்டியதில்லை. இருபது தளத்தில் சேராமல் இரண்டு மூன்றில் நிறுத்துங்கள். ஒரு மாதம் நோட்டு எழுதிப் பாருங்கள், எது நேரத்தைத் தின்கிறது என்று எண்களே காட்டிவிடும். குறைந்தபட்சத் தொகை சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள். பாயின்ட் காலாவதியாகலாம், கணக்கு முடக்கப்படலாம், தளமே மூடப்படலாம். நான் மாதக் கடைசியில், குறைந்தபட்சத் தொகையைத் தொட்ட எல்லாவற்றையும் பேபால் என்ற ஆன்லைன் பணக் கணக்குக்கு மாற்றிவிட்டு, வந்த தொகையை இதர வருமானம் என்ற தலைப்பில் என் கணக்கில் ஏற்றிவிடுகிறேன்.