நானோகுழாய் கேள்விக்கு முதலில் படம் வரையுங்கள்

எம்.எஸ்சி. இயற்பியலில் நானோ பாடம் எழுதப் போகும் சேலத்துத் தம்பி தங்கைகளுக்கு: கார்பன் நானோகுழாய் என்றதும் பயன்களை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். அமைப்பு புரிந்தால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும். எனக்கு அப்படித்தான் கைகொடுத்தது.

ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராபீனின் அறுகோண வலையை நோட்டில் கையாலேயே வரையுங்கள். ஒரு கார்பனிலிருந்து அதே வகை இன்னொரு கார்பனுக்கு அம்பு போடுங்கள். அம்பின் இரு முனையும் சேரும்படி தாளைச் சுருட்டினால் குழாய். அம்பின் நீளமே சுற்றளவு. வலையின் இரு திசைகளில் எத்தனை அடி வைத்தால் அம்பின் முனைக்குப் போகலாம் என்று சொல்லும் இரண்டு எண்கள்தான் என் (n), எம் (m). இரண்டும் சமமானால் ஆர்ம்சேர், ஒன்று பூஜ்யமானால் ஜிக்ஜாக், மற்றவை கைரல். இரண்டின் வித்தியாசம் மூன்றால் வகுபட்டால் உலோகம்போல் மின்சாரம் கடத்தும், வகுபடாவிட்டால் குறைகடத்தி. அதே கார்பன், அதே பிணைப்பு, சுருட்டும் விதம் மாறினால் மின்குணமே மாறுகிறது! இதைவிட அழகான விஷயம் அந்தப் பாடத்தில் இல்லை. என், எம் இரண்டும் 10 ஆன (10,10) குழாயின் விட்டத்தையும் போட்டுப் பாருங்கள்: வலையில் ஒரு அடியின் நீளமான 0.246 நானோமீட்டரை 300-இன் (n² + nm + m²) வர்க்கமூலத்தால் பெருக்கி, π-ஆல் வகுத்தால் சுமார் 1.36 நானோமீட்டர்.

தயாரிப்பில் மின்வில், லேசர் முறைகளுக்கு நாலு வரி போதும். 1991-இல் சுமியோ இஜிமா பல்சுவர்க் குழாய்களைக் கண்டது மின்வில் முறையில்தான். ஒற்றைச்சுவர்க் குழாய் 1993-இல் வந்தது. நேரத்தைச் சி.வி.டி. (வாயுவைச் சிதைத்துப் படியவைக்கும் வேதி ஆவிப் படிவு) முறைக்கு ஒதுக்குங்கள். மீத்தேன், அசிட்டிலீன் போன்ற வாயு 600 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரும்பு, கோபால்ட், நிக்கல் துகள்மேல் சிதைகிறது. கார்பன் துகளில் கரைந்து, இனிக் கரைய முடியாத அளவுக்குத் தெவிட்டியதும் குழாயாக வளர்கிறது. துகளின் அளவைப் பொறுத்து விட்டம் அமையும். துகளைத் தாங்க மெக்னீசியம் ஆக்சைடு பயன்படுத்துவதுண்டு, அமிலத்தில் எளிதாகக் கரைந்துவிடும் என்பதால். கருப்பூர் போகும் வழியில் மாமாங்கம் பக்கம் மண்ணில் கிடக்கிறதே மேக்னசைட் தாது, அதைச் சுட்டால் கிடைப்பதும் அதே ஆக்சைடுதான். இப்படி நம்ம ஊரோடு சேர்த்துப் படித்தது எனக்கு மறக்கவே இல்லை.

சரி, பயன்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சேர்த்து எழுதுங்கள். வலுவான பிணைப்பால், விறைப்பைச் சொல்லும் யங் குணகம் ஏறக்குறைய 1 டெராபாஸ்கல், அதனால் கலப்புப் பொருட்கள். நீளமாக இருந்து மின்சாரமும் கடத்துவதால் லித்தியம் அயான் பேட்டரி மின்முனைகள். குறைகடத்தி வகையால் டிரான்சிஸ்டர். சாதாரணமாகத் தயாரித்தால் மூன்றில் ஒரு பங்கு உலோகமும் மீதி குறைகடத்தியுமாகக் கலந்தே வரும், பிரிப்பது கடினம் என்பதையும் டிரான்சிஸ்டருக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.